யூனிட்டில் வந்த மணல், டன்னில் வந்த சீட்டு

வீட்டு வேலை நடக்கும் மனை வாசலில் லாரி வந்து நிற்கிறது. ஓட்டுநர் நீட்டும் எடைமேடைச் சீட்டில் 13.6 டன் என்று இருக்கிறது. மேஸ்திரி சொல்லி அனுப்பியதோ மூன்று யூனிட் மணல். வீட்டுக்காரர் சீட்டையும் லாரியையும் மாறி மாறிப் பார்க்கிறார். கேட்டது முழுதாக வந்திருக்கிறதா, வழியில் குறைந்துவிட்டதா? மேஸ்திரி "சரியாத்தான் இருக்கும்" என்கிறார். அது பதில் இல்லை.

யூனிட் என்றால் தமிழ்நாட்டு மணல் வியாபாரத்தில் 100 கன அடி. அது இடத்தின் அளவு. டன் என்பது எடை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டுமானால், ஒரு கன அடி மணல் எத்தனை கிலோ என்று தெரிந்தாக வேண்டும். அதுதான் அடர்த்தி. உலர்ந்த மணலின் அடர்த்தியாகப் பொறியியல் புத்தகங்கள் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ என்கின்றன. ஒரு கன மீட்டரில் 35.31 கன அடி இருப்பதால், 1,600ஐ 35.31ஆல் வகுத்தால் கன அடிக்கு 45.3 கிலோ. நூறு கன அடிக்கு 4.53 டன். மூன்று யூனிட்டுக்கு 13.59 டன். சீட்டு சரி.

வீட்டுக்காரர் செய்திருக்க வேண்டிய கணக்கு இவ்வளவுதான். பள்ளியில் எட்டாம் வகுப்புக்குள் படித்துவிடுகிற விஷயம். ஆனாலும் பலர் இதில் தடுமாறுகிறார்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரியாததல்ல காரணம். ஒவ்வொரு தொழிலும் அடர்த்தியைத் தனக்கென ஒரு பாஷையில் சொல்லி, அலகை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுகிறது. பேட்டரிக் கடையில் "1250 இருக்கு" என்பார்கள். உப்பளத்தில் "25 டிகிரி" என்பார்கள். பெட்ரோல் பங்க்கில் 740 என்று எழுதி வைத்திருப்பார்கள். எதன் 1250, எந்த 25 டிகிரி, எதில் 740 என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. அதன் பிறகு கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

மேலே எடை, கீழே இடம்

எந்த நாட்டு அடர்த்தி அலகானாலும் அது ஒரு பின்னம். மேலே எடை, கீழே கொள்ளளவு. கிலோ மேலே, கன மீட்டர் கீழே. பவுண்டு மேலே, கன அடி கீழே. மாற்றும்போது மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று தனித்தனியாக மாற்றினால் குழப்பம் வராது. இரண்டையும் ஒரே மூச்சில் மாற்ற நினைப்பவர்தான் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிடுகிறார்.

அதே மணலை அமெரிக்கப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கன மீட்டருக்கு 1,600 கிலோ. முதலில் மேல்பகுதி: ஒரு கிலோ 2.2046 பவுண்டு, ஆக 1,600 கிலோ 3,527 பவுண்டு. அடுத்து கீழ்ப்பகுதி: கன மீட்டரில் 35.31 கன அடி. 3,527ஐ 35.31ஆல் வகுத்தால் 99.9. கன அடிக்கு நூறு பவுண்டு என்று மனதில் பதித்துக்கொள்ளலாம். இரண்டு படிகளையும் சேர்த்தால் கிடைக்கும் எண் 16.0185. கன அடிக்கு ஒரு பவுண்டு என்பது கன மீட்டருக்கு 16.0185 கிலோ. இந்தத் திசையில் பெருக்கல், எதிர்த்திசையில் வகுத்தல்.

அதிகம் பேர் சறுக்குவது கீழ்ப்பகுதியில்தான். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதால் கன மீட்டருக்கும் 100 கன சென்டிமீட்டர் என்று கை தானாகப் போட்டுவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறு மடங்கு என்பதால் அது 10,00,000. மீட்டருக்கு 3.28 அடி என்று தெரிந்தவர் கன மீட்டருக்கும் 3.28 கன அடி என்று போட்டு, மணல் கணக்கைப் பத்து மடங்குக்கு மேல் தவறவிட்டதும் உண்டு.

ஆகவே ஒரு காவல்காரனை நிறுத்தி வைப்பது நல்லது. தண்ணீரைவிட நல்ல காவல்காரன் இல்லை. தண்ணீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1 கிராம். லிட்டருக்கு 1 கிலோ. கன மீட்டருக்கு 1,000 கிலோ, அதாவது 1 டன். பழைய ஆங்கிலேய அலகில் கன அடிக்கு 62.4 பவுண்டு. அமெரிக்க காலனுக்கு 8.34 பவுண்டு, இங்கிலாந்து காலனுக்கு 10 பவுண்டு. எந்த அடர்த்தி எண் கைக்கு வந்தாலும் அதே அலகில் தண்ணீருக்கு என்ன எண் என்று பார்த்து, பொருள் தண்ணீரில் மிதக்குமா மூழ்குமா என்று ஒரு தடவை யோசித்தால் போதும். எண்ணெய்க்குத் தண்ணீரைவிடப் பெரிய எண் வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

இரண்டு காலன் எப்படி வந்தது என்பதும் இங்கே உதவும். 1824இல் பிரிட்டன், குறிப்பிட்ட வெப்பநிலையில் பத்து பவுண்டு தண்ணீர் பிடிக்கும் அளவே காலன் என்று சட்டம் போட்டது. அதனால்தான் அங்கே தண்ணீரின் எண் ஏறக்குறைய 10 என்று உருண்டையாக வருகிறது. அமெரிக்கா அதற்கு முன்பே பிரிந்துபோய், 231 கன அங்குலம் கொண்ட பழைய ஒயின் காலனை வைத்துக்கொண்டது. அது 3.785 லிட்டர், பிரிட்டன் காலன் 4.546 லிட்டர். "காலனுக்கு இத்தனை பவுண்டு" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஊர்க் காலன் என்று தெரியாமல் தொடவே கூடாது. வித்தியாசம் 20 சதவீதம்.

ஆகாயத்தில் தீர்ந்துபோன எண்ணெய்

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம் மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குக் கிளம்பியது. போயிங் 767; அந்த நிறுவனத்துக்குப் புதிது. நிறுவனத்தில் எரிபொருளைக் கிலோவில் கணக்கிட்ட முதல் விமான வகையும் அதுதான். மற்ற விமானங்களில் பவுண்டு. அன்றைக்கு எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் தரைப் பணியாளர்கள் தொட்டியை அளவுகோல் வைத்து அளந்து, உள்ளே 7,682 லிட்டர் இருப்பதாகக் கண்டார்கள். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. இன்னும் எத்தனை லிட்டர் நிரப்ப வேண்டும்?

கேள்வி அசல் அடர்த்திக் கேள்வி. லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டும். அவர்கள் கையில் இருந்த எண் 1.77. அதை வைத்துப் பெருக்கினார்கள். 7,682 × 1.77 = 13,597. இதை 22,300இலிருந்து கழித்தால் 8,703. அதை 1.77ஆல் வகுத்தால் 4,917 லிட்டர். அவ்வளவையும் நிரப்பினார்கள். பெருக்கல், கழித்தல், வகுத்தல் எதிலும் பிழை இல்லை.

ஆனால் 1.77 என்பது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். கிலோவில் அது 0.803. சரியாகப் போட்டிருந்தால் தொட்டியில் இருந்தது 6,169 கிலோதான். நிரப்ப வேண்டியது 16,131 கிலோ, அதாவது சுமார் 20,088 லிட்டர். நிரப்பியதோ அதில் கால்வாசி. மொத்தத்தில் விமானம் எடுத்துச் சென்றது 22,300 பவுண்டு. வேண்டியது 22,300 கிலோ. ஒட்டாவாவில் இறங்கியபோது மறுபடியும் அளந்தார்கள். மறுபடியும் அதே 1.77.

41,000 அடி உயரத்தில் முதலில் ஓர் எஞ்சின், பிறகு மற்றொன்று என்று இரண்டும் அணைந்தன. விமானி ராபர்ட் பியர்சனுக்கு எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிய பழக்கம் இருந்தது. துணை விமானி மாரிஸ் குயின்டலுக்கு மானிடோபா மாகாணத்தின் கிம்லி என்ற ஊரில் ஒரு பழைய விமானப்படைத் தளம் இருந்தது நினைவில் இருந்தது. அங்கே அன்றைக்குக் கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஓடுபாதையில் மக்கள் நிற்க, சத்தமே இல்லாமல் ஒரு பெரிய ஜெட் விமானம் இறங்கியது. முன்சக்கரம் மடங்கி மூக்கு தரையில் உரசியது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். சிலருக்குச் சிறு காயங்கள் மட்டும். பழுதுபார்க்கப்பட்ட அந்த விமானம் 2008 வரை பறந்தது. 'கிம்லி கிளைடர்' என்ற பெயர் மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக பவுண்டு, கிலோ குழப்பம் என்று முடித்துவிடுவார்கள். அது முழு விவரம் அல்ல. லிட்டருக்கு 1.77 கிலோ என்றால் தண்ணீரைவிட முக்கால் மடங்குக்கு மேல் கனமான திரவம். விமான எரிபொருள் ஏறக்குறைய நம் மண்ணெண்ணெய்தான். மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது அதைக் கையாண்ட எவருக்கும் தெரியும். ஆக 1.77 கிலோவாக இருக்கவே முடியாது என்று கண்டுபிடிக்க எந்தப் பட்டியலும் தேவைப்பட்டிருக்காது. தண்ணீர்க் காவல்காரனை அன்று யாரும் கூப்பிடவில்லை.

அமெரிக்க விமானிகள் இதே எரிபொருளை "ஆறு புள்ளி ஏழு" என்ற கணக்கில் நினைவு வைத்திருக்கிறார்கள்: அவர்கள் காலனுக்கு ஏறக்குறைய 6.7 பவுண்டு. காலனுக்கு ஒரு பவுண்டு என்பது லிட்டருக்கு 0.1198 கிலோ. 6.7 × 0.1198 = 0.803. லிட்டருக்குப் பவுண்டில் 1.77, கிலோவில் 0.803, காலனுக்குப் பவுண்டில் 6.7, கன மீட்டருக்குக் கிலோவில் 803. நான்கு எண்ணும் ஒரே திரவம்தான்.

வெயில் ஏறினால் எண் இறங்கும்

அலகு தெரிந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியதாகும். திரவம் சூடானால் விரியும், எடை மாறாது, இடம் கூடும், அடர்த்தி குறையும். எந்த வெப்பநிலையில் அளந்தது என்று சொல்லாத அடர்த்திக்கு மதிப்புக் குறைவு.

சமையல் எண்ணெய் உறையில் இது பணமாகவே தெரிந்தது. ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம் இருக்கும். 60 டிகிரியில் சுமார் 893 கிராம்தான். உறையில் "60 டிகிரியில் ஒரு லிட்டர்" என்று அச்சிட்டுவிட்டால் 893 கிராம் ஊற்றினாலும் எழுத்தளவில் பொய் இல்லை. ஆனால் வீட்டு அலமாரியில் எண்ணெய் 60 டிகிரியில் இருப்பதில்லையே. அங்கே அது ஒரு லிட்டருக்குச் சுமார் 20 மில்லி குறைவு. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, எண்ணெய் உற்பத்தியாளர்கள் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவையும் கூடவே எடையையும் அச்சிட வேண்டும் என்று சொல்லி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. இப்போது கடையில் எடுக்கும் உறையில் ஒரு லிட்டருக்குப் பக்கத்தில் 910 கிராம் என்று இருப்பதைப் பார்க்கலாம். 910 கிராம் என்றால் கன மீட்டருக்கு 910 கிலோ என்று வாசித்துக்கொள்ளலாம். வேறெந்தப் பெருக்கலும் வேண்டாம்.

செக்கு எண்ணெய்க் கடைகளில் இந்த எண் இன்னும் பயன்படும். ஒரு கடையில் லிட்டர் விலை, இன்னொரு கடையில் கிலோ விலை. லிட்டர் 300 ரூபாய் என்றால் கிலோ எவ்வளவு? 300ஐ 0.91ஆல் வகுத்தால் 330. பக்கத்துக் கடையில் கிலோ 320 என்று பலகை இருந்தால், பார்வைக்குக் கூடுதலாகத் தெரிந்தாலும் அதுதான் மலிவு.

பெட்ரோல் பங்க்கில் கணக்கு கொஞ்சம் நுணுக்கம். இந்தியாவில் பெட்ரோல், டீசல் அடர்த்தியை 15 டிகிரிக்கு மாற்றித்தான் எழுதுவார்கள். டேங்கர் லாரி கொண்டுவரும் சீட்டில் அந்த எண் இருக்கும். பங்க்கில் அளந்து மாற்றிய எண் அதிலிருந்து 3க்கு மேல் கூடவோ குறையவோ இருந்தால் சந்தேகத்துக்கு இடம் உண்டு. இந்தச் சோதனைக்கான கண்ணாடிச் சாடி, மிதவை போன்ற ஹைட்ரோமீட்டர், வெப்பமானி, மாற்று அட்டவணை எல்லாம் பங்க்கில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் செய்து காட்டவும் வேண்டும்.

கேட்பவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. பலகையில் 740 என்று இருக்கும். சித்திரை வெயிலில் 33 டிகிரியில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் அது 724 காட்டும். உடனே கலப்படம் என்று சண்டைக்குப் போனால் அவமானம்தான் மிஞ்சும். பெட்ரோலுக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிலோ வீதம் அடர்த்தி குறையும். 15இலிருந்து 33 வரை 18 டிகிரி. 18 × 0.9 = 16. எனவே 724ஓடு 16ஐக் கூட்டினால் 740 திரும்ப வந்துவிடுகிறது. டீசலுக்கு டிகிரிக்குச் சுமார் 0.7 போதும். இது வாசலில் நின்று போடும் கைக்கணக்கு. 3 என்ற வரம்பைத் தீர்மானிக்க வேண்டுமானால் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் கலந்தால் பெட்ரோலின் எண் ஏறும், டீசலின் எண் இறங்கும். மண்ணெண்ணெய் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கனமானதையும் லேசானதையும் சேர்த்துக் கலந்து எண்ணை அப்படியே வைத்திருக்கவும் தெரிந்தவர்கள் உண்டு. ஆகவே அடர்த்தி சரி என்றால் எரிபொருள் சுத்தம் என்று சான்றிதழ் கொடுத்துவிட முடியாது.

டிகிரி என்று ஒரு வேஷம்

சில தொழில்களில் அடர்த்தி என்ற சொல்லே காதில் விழாது. எண் வேறு உருவத்தில் நடமாடும்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். பேட்டரி அமிலத்தின் 1250 என்பது உண்மையில் 1.250, தண்ணீரைவிட 1.25 மடங்கு கனம். முழுக்க சார்ஜ் ஆன கார் பேட்டரியில் 1.280 வரை போகும். புள்ளியைப் பேச்சில் விட்டுவிடுகிறார்கள். அதிர்ஷ்டவசமாக 1250 என்றே சொன்னாலும் அது கன மீட்டருக்குக் கிலோ. பால் கூட்டுறவுச் சங்கத்தில் லாக்டோமீட்டர் 28 காட்டினால் அதன் முன்னால் 1.0 சேர்த்து 1.028 என்று வாசிக்க வேண்டும். லிட்டரில் 500 என்று எழுதிய பால் தராசில் 514 கிலோ நிற்கும். லிட்டரில் வாங்கி கிலோவில் ஒப்படைக்கும் இடங்களில் இந்த 14 கிலோவைச் சொல்லி யாராவது ஒருவர் மற்றவரைச் சந்தேகிப்பது உண்டு. சாயப்பட்டறைகளில் காஸ்டிக் சோடாவைத் துவாடெல் டிகிரியில் சொல்வார்கள். அதை 200ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் முடிந்தது: 52 துவாடெல் என்றால் 1.26.

உப்பளத்தின் டிகிரி அப்படி அல்ல. தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ பாத்தியில் நிற்கும் நீரில் கண்ணாடிக் குழாய் ஒன்றை மிதக்கவிட்டு எண் பார்க்கிறார்கள். அது போமே டிகிரி. பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768இல் வகுத்த அளவு. சுத்தத் தண்ணீரில் குழாய் நிற்கும் இடம் 0. நூறு பங்கில் 15 பங்கு உப்பு கரைந்த நீரில் நிற்கும் இடம் 15. நடுவில் சமமாகப் பிரித்தார். ஆக அந்த அளவு பிறந்ததே உப்பு நீரில்தான்; இரண்டரை நூற்றாண்டு கழித்தும் உப்பளத்தை விட்டுப் போகாததில் வியப்பில்லை.

கடல்நீர் சுமார் 3.5 டிகிரி. வெயிலிலும் காற்றிலும் சுண்டச் சுண்ட எண் ஏறும். 25ஐ எட்டுவதற்குள் நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த வழியிலேயே ஜிப்சம் படிந்து ஒதுங்கும். 25ஐத் தொட்டதும் உப்பு பூக்கத் தொடங்குகிறது. 29, 30 வரை போனபின் மிச்ச நீரில் மெக்னீசியம் உப்புகள் மிகுந்து கசக்கும், அதை வெளியேற்றிவிடுவார்கள். சீக்கிரம் இறக்கினால் உப்பில் ஜிப்சம், தாமதித்தால் கசப்பு. இந்த நாலைந்து டிகிரிக்குள்தான் நல்ல உப்பு விளைகிறது.

போமேயை அடர்த்தியாக்க 145 என்ற எண் வேண்டும். 145இலிருந்து டிகிரியைக் கழித்து, வந்த விடையால் 145ஐ வகுக்க வேண்டும். கடல்நீர்: 145 ÷ 141.5 = 1.025. உப்பு பூக்கும் நீர்: 145 ÷ 120 = 1.208. கசப்பு எல்லை: 145 ÷ 116 = 1.25. முன்பு பார்த்த சாயப்பட்டறைக் காஸ்டிக்கின் 1.26ஐத் திருப்பிப் போட்டால் ஏறக்குறைய 30 போமே. சில ஐரோப்பியப் பட்டியல்களில் 145க்குப் பதில் 144.3 இருக்கும், பழைய இறக்குமதி இயந்திரக் கையேட்டைப் பார்த்துக் கணக்குப் போடுபவர் முதல் பக்கத்தில் இதைத் தேட வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. போமேயில் ஒவ்வொரு டிகிரியும் சம அடர்த்தி அல்ல. 3.5இலிருந்து 4.5க்கு ஏறும்போது லிட்டருக்கு 7 கிராம் கூடுகிறது. 25இலிருந்து 26க்கு 10 கிராம். அதனால் 10 டிகிரி நீரையும் 20 டிகிரி நீரையும் கலந்தால் 15 என்று நேராகச் சொல்லிவிடக் கூடாது. அடர்த்திக்கு மாற்றி, கலந்து, மறுபடி டிகிரிக்கு வர வேண்டும்.

கச்சா எண்ணெய் வியாபாரத்தின் ஏபிஐ டிகிரி இதற்குத் தம்பி முறை. தலைகீழாகப் பிறந்த தம்பி. லேசான எண்ணெய்க்குப் பெரிய எண், கனமானதற்குச் சின்ன எண், தண்ணீருக்கு 10. அடர்த்தி வேண்டுமானால் டிகிரியோடு 131.5ஐக் கூட்டி, அதனால் 141.5ஐ வகுக்க வேண்டும். இந்த ஒன்றரைகள் எங்கிருந்து வந்தன? லேசான திரவங்களுக்கான போமே வாய்ப்பாட்டில் இருந்தவை 140, 130 என்ற நேரான எண்கள்தான். ஆனால் அமெரிக்க எண்ணெய்த் தொழிலில் பரவியிருந்த ஹைட்ரோமீட்டர்கள் பிழையாக 141.5ஐ வைத்துச் செய்யப்பட்டிருந்தன. அத்தனை கருவிகளையும் தூக்கிப்போடுவதைவிடப் பிழையையே விதியாக்கிவிடுவது சுலபம் என்று 1921இல் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் தன் பெயரிலேயே புதிய அளவை அறிவித்துவிட்டது.

38 டிகிரி எண்ணெய் என்றால் 141.5 ÷ 169.5 = 0.835. ஒரு பீப்பாய் 158.99 லிட்டர். பெருக்கினால் 132.8 கிலோ. டன்னுக்கு 7.53 பீப்பாய். 20 டிகிரிக் கனமான எண்ணெயில் டன்னுக்கு 6.73 பீப்பாய்தான். செய்தித்தாளில் ஓரிடத்தில் பீப்பாயிலும் இன்னோரிடத்தில் டன்னிலும் வரும் எண்ணெய் இறக்குமதிக் கணக்குகளை ஒப்பிடுபவர்கள் பொதுவாக 7.33ஆல் பெருக்குகிறார்கள். அது சராசரிதான், குறிப்பிட்ட ஒரு கப்பலின் சரக்குக்குப் பொருந்தும் என்று நினைத்தால் ஏமாற வேண்டியிருக்கும்.

மறுபடியும் மனை வாசல்

மணல் லாரிக்குத் திரும்ப வேண்டிய காரணம் இருக்கிறது. 1,600 என்பது மணல் மணியின் அடர்த்தி அல்ல. மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தையும் சேர்த்த குவியலின் அடர்த்தி. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடை இல்லை என்று தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜல்லிக்கு ஒரு எண், எம்-சாண்டுக்கு இன்னொரு எண், அதையே குலுக்கி இறுக்கினால் மூன்றாவது எண்.

ஈரம் வந்தால் விஷயம் இன்னும் வேடிக்கை. மணலில் ஐந்து சதவீத ஈரம் இருந்தாலே மணிகள் மேல் நீர்ப்படலம் ஒட்டி ஒன்றையொன்று தள்ளிப் பிடிக்கும். குவியல் 25 சதவீதம் வரை பெருத்துவிடும், நுண்மணலில் அதற்கும் மேல். முழுக்க நனைந்தால் மறுபடி அமுங்கிவிடும். பெருத்த நிலையில் 100 கன அடி வாங்கினால் அதில் உண்மையான மணல் 80 கன அடிதான். எடை போட்டால் 80 × 45.3 = 3,624 கிலோ மணல், அதோடு ஐந்து சதவீதத் தண்ணீர், மொத்தம் 3.8 டன். உலர்ந்த யூனிட் 4.53 டன் இருக்க, ஈரமான யூனிட் அதைவிட லேசு. மூன்று யூனிட் என்று லாரி நிறைய வந்தும் சீட்டில் 11.4 டன்தான் இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். யூனிட்டில் வாங்குபவருக்கு ஈரத்தால் இருபது சதவீத நஷ்டம். டன்னில் வாங்குபவருக்குத் தண்ணீர் எடையான ஐந்து சதவீதம் மட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் டன்னே மேல்.

நம் ஊர்க் கட்டட வேலையில் அடியும் மீட்டரும் ஒரே காகிதத்தில் குடித்தனம் செய்வதால், கன அடிக்குக் கிலோ என்ற கலப்பு அலகுதான் மிகவும் கைகொடுக்கும். எந்தப் புத்தகத்தில் கன மீட்டருக்குக் கிலோ என்று இருந்தாலும் 35.31ஆல் வகுத்துவிடலாம். கம்பி கட்டிய கான்கிரீட் 2,500. கன அடிக்கு 70.8 கிலோ. ஆயிரம் சதுர அடியில் ஐந்து அங்குலத் தளம் போட்டால் 417 கன அடி, அதாவது 29.5 டன். வடிவமைப்புப் பொறியாளரின் தாளில் அதே கான்கிரீட்டுக்கு 25 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது கன மீட்டருக்குக் கிலோநியூட்டன், 2,500ஐ 9.81ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து, 24.5ஐ முழு எண்ணாக்கியது.

கம்பிக் கடையில் ஓர் அடர்த்தி யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். மேஸ்திரிகளுக்கும் சூபர்வைசர்களுக்கும் இது மனப்பாடம். 12 மில்லி கம்பி: 144 ÷ 162 = 0.889 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ. கட்டில் எத்தனை கம்பி என்று எண்ணிப் பெருக்கினால் கடைக்காரர் தராசைச் சரிபார்த்துவிடலாம். இந்த 162 வானத்திலிருந்து விழுந்தது இல்லை. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதையும், வட்டத்தின் பரப்பையும், மில்லிமீட்டரை மீட்டராக்கும் பத்து லட்சத்தையும் ஒன்றாகச் சுருட்டினால் வருவது 162.2. உள்ளே இருப்பது எஃகு என்பதால் ஜன்னல் வேலைக்கு வாங்கும் அலுமினியக் கம்பிக்கு அது பொருந்தாது. அலுமினியம் 2,700 என்பதால் அங்கே வகுக்க வேண்டிய எண் 472.